கறுப்புப் பட்டைக்கு அடியில்

இன்று காலை வீட்டுக்குள் டர்பன்டைன் வாசனை வந்தது. கோவளத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற ஒருவர், என் கூடத்துச் சுவரில் தொங்கும் உன் தேயிலை விளம்பரப் போர்டைப் பார்க்க வந்திருந்தார். பையிலிருந்து ஒரு குப்பியையும் துணியையும் எடுத்து மூடியைத் திறந்தார். போர்டின் கீழ் ஓரத்தில் பெயின்ட் அடித்த கறுப்புப் பட்டையைத் துடைத்துப் பார்க்க வேண்டுமாம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் என் கூடத்தில் இல்லை. சாலைக் கம்போளக் கடைத்தெருவில், காப்பிப்பொடியும் தேயிலையும் விற்ற உன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

நீ கண்மூடியபின் கடையும் போய் அங்கே புதுக் கட்டடம் எழும்புகிறது, தெரியுமோ. இடிப்பதற்கு முன் உன் மகன் போர்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, "அம்மா உங்களுக்குக் கொடுக்கச் சொன்னா மாமி" என்று வைத்துவிட்டுப் போனான். பச்சைத் தளம், மஞ்சள் எழுத்து, ஆவி பறக்கும் கோப்பை. ஒரு மூலையில் மட்டும் பீங்கான் பூச்சு உதிர்ந்து இரும்பு தெரிகிறது.

"மகாராஜா காலத்துப் போர்டாக்கும்" என்று காப்பிப்பொடி வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வாய். யார் பார்த்தது என்று நான் கேட்பேன். "நோக்கு எல்லாத்துக்கும் சாட்சி வேணும், மதாம்மா" என்பாய். கான்வென்ட்டில் படித்தவள் என்பதற்காக, வெள்ளைக்காரி என்று நீ எனக்கு வைத்த பெயர் அது. நீ அந்தக் கடைக்கு மருமகளாக வந்தபோதே போர்டு அங்கே தொங்கியது. அப்பா காலத்தது என்று உன் கணவர் சொல்லியிருந்தார். கடைக்கு வயது கூடினால் தேயிலைக்கு ருசி கூடும் என்பது அவர் எண்ணம். அவர் போனபின் நீயே கல்லாவில் உட்கார்ந்தாய். விதவை கல்லாவில் உட்காருவதா என்று வலியசாலைத் தெருவே அதிர்ந்தது. போர்டின் வயதை மட்டும் நீ விடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் இதே போல ஒரு வியாபாரி உன் கடைக்கு வந்தார். நானும் இருந்தேன். அவர் முதலில் கண்ணால் பார்க்கவில்லை, கட்டைவிரலால் தடவினார். ஒவ்வொரு நிறத்தையும் தனியாகச் சூளையில் சுட்டு ஏற்றியிருப்பதால் எழுத்து ஒரு மயிரிழை மேடாக இருக்குமாம். தகரத்தில் அச்சடித்தது வழவழவென்று இருக்குமாம். பிறகு ஆணித் துளைகளைப் பார்த்தார். உண்மையான துரு துளையிலிருந்து மெதுவாகப் பரவுமாம். போலியில் எல்லா இடத்திலும் ஒரேபோல் இருக்குமாம். கடைசியில் விலையைத் தேடினார். விலை அந்தக் காலத்து நாணயமான சக்கரத்தில் இருந்தால் திருவிதாங்கூர் மகாராஜா காலம், நல்ல தொகை கிடைக்கும். அணாவில் இருந்தால் குறையும். ஐம்பத்தேழில் வந்த நயா பைசா என்றால் இரும்பு விலைதான். உன் போர்டிலோ விலை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெயின்ட். தேயிலை விலை ஏறிய வருஷம், வாங்குகிறவர்கள் பழைய விலையைக் காட்டி வாதாடக்கூடாதென்று உன் கணவரே அடித்தது.

நீ விற்கவில்லை. ஆனால் பேச்சு உன் மைத்துனர் காதுக்கு எட்டியது. அவர் போர்டைக் கேட்கவில்லை, கடையில் பாதியைக் கேட்டார். அவர் வாதம் இது: தேயிலைக் கம்பெனி ஏஜென்சி கொடுத்துக் கடை திறந்த அன்று மாட்டிய போர்டு இது. மகாராஜா காலத்துப் போர்டு என்றால் ஏஜென்சி அப்பாவுக்குக் கிடைத்தது. அப்பாவின் கடை என்றால் இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு. தெருப் பெரியவர்கள் இருவர் முன்னால் இதைச் சொல்லிவிட்டு, "நான் சொல்லலை. மன்னியே ஊரெல்லாம் சொல்லிண்டிருக்கா" என்றார். உன் வாயாலேயே மாட்டிக்கொண்டாய்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாய். உன் மாமனார் அணா புழக்கத்தில் இருந்தபோதே போய்விட்டார் என்று நீ சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. பெயின்டுக்கு அடியில் நயா பைசா இருந்தால் அந்தப் போர்டை அவர் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது. துடைத்துப் பார்க்கலாம் என்றேன். முதலில் நாம் இருவர் மட்டும் பார்ப்போம் என்றாய்.

"கூடாது. எல்லார் முன்னாலயும்தான். நாம தனியாத் தொடைச்சா, நாமளே எழுதினோம்னு சொல்வா" என்றேன்.

"சக்கரம்னு இருந்தா என்னடி பண்றது?"

"இருந்தா பாதிக் கடை அவரோடது."

நீ எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாய். நான் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். மறுநாள் உன் கடையில், மைத்துனரும் பெரியவர்களும் பார்க்க, நானே டர்பன்டைன் குப்பியைத் திறந்தேன். நீ என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். முதலில் ஓர் எண் வந்தது. எண்ணை வைத்து என்ன சொல்ல முடியும்? துணியை மடித்து மறுபடி தேய்த்தேன். அதன் பக்கத்தில் மலையாள எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெரியவர்களில் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நயா பைசாவாக்கும்."

உன் மைத்துனர் நெடுநேரம் பார்த்தார். கெட்டவர் அல்ல; அப்பா போனபோது சிறு பிள்ளை, அவரும் அண்ணா சொன்னதை நம்பியவர்தானே. "அப்போ அண்ணா வெச்ச கடைதான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

நீ நன்றி சொல்வாய் என்று காத்திருந்தேன். "ஏண்டி, இத்தனை பாடுபட்டு என் போர்டை இரும்பு விலைக்குக் கொண்டுவந்துட்டயே" என்றாய். அடுத்த வாரம் பொடி வாங்க வந்தபோது பட்டையில் மறுபடி கறுப்புப் பெயின்ட் மினுங்கியது. எனக்குக் கோபம் வந்தது. நிரூபித்ததை யாராவது மறைப்பார்களா? நீ தராசிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாய்: "கடை நேக்கு வந்தாச்சு. அவர் சொன்ன வயசை இனி போர்டுக்கே திருப்பிக் குடுத்துடலாம்."

அப்போது அதைப் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகு என்னவரும் போனார். எங்கள் கல்யாணத்தன்று பெருமழை என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். ஒரு துளிகூடப் பெய்யவில்லை. இருந்த நாள்வரை அவரைத் திருத்திக்கொண்டே இருந்தேன். இப்போது உறவுக்காரர்கள் அந்த மழையைப் பற்றிப் பேசினால் நான் ஒன்றும் சொல்வதில்லை.

இன்று வந்தவர், "அம்மா, இது மகாராஜா காலத்துப் போர்டு அல்லே?" என்று ஆசையோடு கேட்டார். இல்லை, நயா பைசா காலம், ஐம்பத்தேழுக்குப் பிறகுதான் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. இருந்தாலும் துணியை நனைத்துக்கொண்டு பட்டையை நோக்கிப் போனார். நான் குப்பியை மூடி அவர் கையில் கொடுத்தேன். வயதை நானே சொல்லிவிட்டபின் துடைப்பதை ஏன் தடுக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

"வயசு கேட்டேள், சொல்லிட்டேன். அந்தப் பெயின்ட் என்னோடது இல்லை."

அவர் போய்விட்டார். பட்டையின் மேல் கட்டைவிரலை வைத்தால் அடியில் உள்ள எழுத்துகள் இப்போதும் மேடாகத் தெரிகின்றன. தினமும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்கிறேன். துடைப்பதில்லை.