ஒரு கட்டும் இரண்டும்

ஆகஸ்ட் 10, சனி

நாள் முழுக்க மழை. அச்சா தானியத்தில் கல் பொறுக்கினேன். வீட்டுக்காரர் சுவாங்கோடு சண்டை. இந்த மழையில் வெள்ளீயக் குழிக்குள் இறங்க வேண்டாம் என்றேன். "சரி, ஜோஸ் டவுனுக்குப் போய் மூட்டை தூக்கறேன், போதுமா?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போகட்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

குழி சரிந்துவிட்டது. ஊரே அங்கே நிற்கிறது. அவர் ஜோஸில் இருக்கிறார். போன் எடுக்கவில்லை, ஆனால் ஜோஸில்தான் இருக்கிறார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

உள்ளே இரண்டு பொந்துகளாம். ஒன்றில் இருப்பவர்களுக்கு மற்றதில் யார் என்று தெரியாது. குழி வாசலில் கஞ்சி விற்கும் காங்யாங் அக்காதான் இறங்கியவர்களை எண்ணியிருக்கிறாள். மலைமேல் ஊர்க்காரி, எங்கள் மொழி தவிர வேறு வராது. "ஒரு கட்டும் ரெண்டும்" என்றாளாம். மேஸ்திரி டல்யோப் அதை மீட்புப் படைத் தலைவரிடம் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார்.

மாலைக்குள் பன்னிரண்டு பேரும் வெளியே. பாதிப் பேருக்கு உயிர் இல்லை. மண்வாரி எந்திரம் திரும்பிப் போனது. சுவாங் அவர்களில் இல்லை. முழங்கால் போட்டு நன்றி சொன்னேன்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் காங்யாங் அக்கா வந்தாள்.

"உன் வீட்டுக்காரரை எந்த ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்கடி?"

"அவர் ஜோஸுக்குப் போயிருக்கார்க்கா."

"யார் சொன்னா? திங்கக்கிழமை எங்கிட்ட கஞ்சி குடிச்சுட்டு எறங்கினாரே."

கட்டு. கடவுளே, கட்டு. என் அம்மாவும் மலைக்காரிதான். அங்கே கட்டு என்றால் பன்னிரண்டு. கீழே சந்தையும் பள்ளிக்கூடமும் வந்து அதே சொல் பத்தாகிவிட்டது. பன்னிரண்டும் இரண்டும். இன்னும் இரண்டு பேர் உள்ளே —

அக்காவை இழுத்துக்கொண்டு ஓடினேன். மீட்புப் படையினர் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இன்னும் இரண்டு பேர் என்றேன்.

"எல்லா எடத்துலயும் கடைசியில இப்படி யாராவது வர்றாங்கம்மா" என்றார் தலைவர். டல்யோப், "கட்டுன்னா பத்துங்கய்யா. சின்னப் புள்ளைக்கும் தெரியும்" என்றார்.

"உன் பள்ளிக்கூடத்துல பத்து. எங் கையைப் பாரு" என்றாள் அக்கா. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். சுண்டுவிரலின் கடைசிக் கணு வந்ததும் கையை மூடி, "கட்டு" என்றாள். பிறகு இன்னும் இரண்டு கணு.

தலைவர் மறுபடி செய்யச் சொன்னார். தன் விரலிலும் தொட்டுப் பார்த்தார். எந்திரத்தைத் திருப்பச் சொல்லிப் போன் செய்தார். பாதையெல்லாம் சேறு. அது வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. நான் வெறுங்கையால் தோண்டினேன். யாரோ பிடித்து இழுத்தார்கள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தோண்டுகிறார்கள். நேற்று நான் எதற்கு நன்றி சொன்னேன்? இல்லை, முந்தாநாள். நாளே தெரியவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இரண்டு பேரும் கிடைத்தார்கள். இலியா என்று ஒருவன், வெளியூர். அவனைத் தேடி யாரும் வரவில்லை. அவனுக்கு மட்டும் உயிர் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இலியா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இங்கே வந்தான். வாசலிலேயே நின்றான். உட்காரச் சொல்லிச் சோறு போட்டேன். பிறகு குனிந்தபடியே சொன்னான்:

"எந்திரச் சத்தம் நின்ன பிறகும் சுவாங் அண்ணன் பேசிட்டுத்தான் இருந்தார்க்கா. மறுபடி சத்தம் கேட்டதும், வந்துட்டாங்கன்னு அவரை உலுக்கினேன்."

தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.