சிவப்புப் பலகை தொங்கிய வெள்ளிக்கிழமை

அனுப்புநர்:
நூ. ஆபிதா,
செயலாளர், சூரிய மின் பயனாளர் குழு,
புதுக்கொல்லைக் காலனி,
மந்தாரக்குப்பம் அருகில்,
கடலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கள ஆய்வு அலுவலர் அவர்கள்,
ஊரகச் சூரிய மின் திட்டப் பிரிவு,
கடலூர்.

பொருள்: எங்கள் காலனியின் சூரிய மின் நிலையம் ‘செயல்படவில்லை’ என்று எழுதப்பட்ட குறிப்பைத் திருத்தவும், 30.06.2025 அன்று பேனல்களைக் கழற்றி எடுக்கும் உத்தரவை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. 23.05.2025 வெள்ளிக்கிழமை தாங்கள் நேரில் வந்து செய்த ஆய்வு.
2. 12.06.2025 நாளிட்ட அகற்றல் உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் எங்கள் காலனிக்கு வந்திருந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினீர்கள். அந்தக் குறை எங்களுக்கு இன்னும் இருக்கிறது. அன்று நேரில் சொல்ல முடியாமல் போனதை இம்மனுவில் வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையுடன் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் காலனியில் முப்பத்து நான்கு வீடுகள் உள்ளன. ஆண்களில் பெரும்பாலோர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறார்கள். பெண்கள் முந்திரி உடைக்கிறோம். மாடியில் ஏறினால் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப் விளக்குகள் வரிசையாகத் தெரியும். எங்கள் வீட்டு ஆண்கள் உழைப்பில் எரிகிற விளக்குகள் பல மாநிலங்களில் இருக்கின்றன என்பதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் மின்கம்பிக்கு எங்கள் ஊர் கடைசி ஊர். கம்பியில் மின்சாரம் வரத்தான் செய்கிறது. தண்ணீர் மோட்டாரைப் போட்டால் மட்டும் அது முனகிவிட்டு நின்றுவிடும். விளக்கடியில் இருட்டு என்பார்களே, அந்த இருட்டில் நாங்கள் குடியிருக்கிறோம். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல, நிலைமையைத் தெரிவித்தேன்.

2. ஐந்து ஆண்டுகளுக்கு முன் சமுதாயக் கூடத்தின் மாடியில் தங்கள் பிரிவு சூரிய மின் நிலையம் அமைத்துத் தந்தது. பொருத்தியவர்கள் பொருத்தியதோடு சரி, பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. டவுன்ஷிப்பில் பெர்மனென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன் திரு. கருப்பசாமி அவர்கள்தான் ஞாயிறுதோறும் வந்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது முதல் ஃபியூஸ் மாற்றுவது வரை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். இருக்கிற மின்சாரத்தை நாங்கள் ஷிப்ட் போட்டுப் பிரித்துக்கொண்டோம். காலை ஷிப்ட் தண்ணீர் மோட்டாருக்கு. பகல் ஷிப்ட் முந்திரித் தோல் நீக்கும் மெஷினுக்கு. மாலை ஷிப்ட் வீடுகளுக்கு. முன்பெல்லாம் எப்போது தண்ணீர் ஏறும் என்று தெரியாமல், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்கும் போக முடியாமல், வீட்டுக்கும் போக முடியாமல் நின்றிருக்கிறோம். இப்போது காலை எட்டரைக்குத் தொட்டி நிரம்பிவிடுகிறது. ஐந்து ஆண்டுகளில் ஒரு நாள்கூட எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரி வந்ததில்லை.

3. தாங்கள் பார்த்த சிவப்புப் பலகையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அது எண்ணெய் டின்னின் மூடியை வெட்டிச் செய்தது. ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்று எழுதியிருக்கும். சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி ஓடுகிற பெல்ட்டில் ஒருவர் கை வைப்பதற்கு முன் ‘ஷட்டவுன்’ என்கிற மின்நிறுத்த அனுமதி வாங்கி, சுவிட்சைப் பூட்டி, தம் பெயரோடு ஒரு பலகையை மாட்டிவிட்டுத்தான் போவார். அந்தப் பலகையை மாட்டியவரே எடுக்க வேண்டும். மேலதிகாரியே வந்து நின்றாலும் அடுத்தவர் தொடக்கூடாது. எங்கள் ஆண்களுக்கு இது பழகிப்போன விதி. அதையே மாடிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பேனல்களில் வாரம் ஒருமுறை கரித்தூசி கழுவுகிறோம். கழுவுகிறவர் மெயின் சுவிட்சைப் பூட்டி, பலகையை மாட்டி, அடியில் சாக்பீஸால் தம் பெயரை எழுதி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். தாங்கள் மாற்றுச் சாவி கேட்டீர்கள். இல்லை என்றதை நம்பவில்லை. உண்மையிலேயே இல்லை ஐயா. மாற்றுச் சாவி இருந்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துவிடுவார்கள் என்று முதல் மாதமே அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம்.

4. அன்று சுவிட்ச் அறை வாசலில் நின்று தங்களை உள்ளே விடாதவர் பெயர் சின்னதுரை. “போட்டவரு வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுங்க சார்” என்று மூன்று முறை சொன்னார். தாங்கள் அதை ஒத்துழையாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் மூடிக்கொண்டு நின்றதும் மரியாதைக் குறைவாகத் தெரிந்திருக்கலாம். புதியவர்கள் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். அந்தக் கையில் இரண்டு விரல்கள்தான் உள்ளன. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாவட்டத்தில் ஜல்லி உடைக்கும் ஆலையில் அவர் பெல்ட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, யாரும் இல்லை என்று எண்ணி ஒருவர் பலகையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார். “மேலே யாரும் இல்லையே, நானே ஏறிப் பார்த்தேன்” என்று தாங்கள் அன்று சொன்னது சரிதான். மாடியில் அப்போது யாரும் இல்லை. சின்னதுரைக்கு அடிபட்ட அன்றும் அப்படித்தான் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னாராம்.

5. அன்று நடந்தது இதுதான். தாங்கள் பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாகத் தகவல் வந்தது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் கழுவுவோம். பெண் பார்க்க வருகிற நாளில் வீடு மெழுகுவதுபோல, தாங்கள் வருகிறீர்கள் என்பதற்காகவே வெள்ளிக்கிழமை காலை கழுவினோம். பலகையை மாட்டிக் கழுவியவர் நூருல்லா. அவர் என் கணவர். கழுவி முடித்து, காயட்டும் என்று விட்டுவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால், மூன்று மணிக்குத் தாங்கள் வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர் கணக்கு. தாங்கள் பன்னிரண்டே முக்காலுக்கு வந்துவிட்டீர்கள். அரசு அலுவலர் ஒருவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வருவார் என்று எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அது எங்கள் அறியாமை.

6. தொழுகை நேரம் என்பதால் அவருடைய போன் அணைந்திருந்தது. தாங்கள் இருபது நிமிடம் காத்திருந்து, ‘நிலையம் செயல்படவில்லை, அபாயப் பலகை தொங்குகிறது, பொதுமக்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு புறப்பட்டீர்கள். தங்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். மோட்டார் ஓடவில்லை, மெஷின் ஓடவில்லை, ஒரு பல்புகூட எரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். இரண்டு மணிக்கு என் கணவர் வந்து பலகையை எடுத்தார். மூன்று மணிக்கு முந்திரி மெஷின் ஓடியது, மாலையில் முப்பத்து நான்கு வீட்டிலும் ஃபேன் சுற்றியது. தாங்கள் திரும்பி வரக்கூடும் என்று மாலை வரை வாசலில் நின்றோம்.

7. எங்கள் பக்கத்துத் தவறை மறைக்க விரும்பவில்லை. ஆய்வு நாளில் கழுவியிருக்கக் கூடாது. பலகை எதற்காகத் தொங்குகிறது என்பதைத் தங்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்று அங்கே கூடியிருந்த பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். யார் சொன்னதும் யாருக்கும் கேட்கவில்லை. இந்த உத்தரவு வந்த நாளிலிருந்து என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் நேராக மாடிக்குப் போகிறார். துடைத்த பேனலையே துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். “என்னாலதான ஊருக்கே இப்படி ஆயிப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஊரில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டுகிறது. மனைவியாகச் சொல்கிறேன், எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

8. ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டுகிறோம். தாங்கள் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் முன்தகவல் இல்லாமல் மறுபடி வந்து பார்க்க வேண்டும். ஓடுகிறது என்று கண்டால் குறிப்பைத் திருத்த வேண்டும். ஓடவில்லை என்றால் எடுத்துக்கொண்டு போங்கள், நாங்களே தூக்கி வண்டியில் ஏற்றித் தருகிறோம். ஐந்து ஆண்டுகளின் ஷிப்ட் நோட்டையும் பார்வைக்கு எடுத்து வைத்திருக்கிறோம். பேனல்கள் வேறொரு ஊருக்குத் தேவைப்படுகின்றன என்று உத்தரவில் உள்ளது. அந்த ஊருக்கும் கொடுங்கள், வேண்டுமானால் எங்கள் ஆட்கள் போய்ப் பொருத்தித் தருவார்கள், பராமரிக்கவும் சொல்லித் தருவார்கள். ஆனால் நிரம்பிக்கொண்டிருக்கிற ஒரு தொட்டியைக் காலி செய்து இன்னொரு தொட்டியை நிரப்ப வேண்டாம். ஒருவேளை முப்பதாம் தேதி கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், வருகிற பணியாளர்கள் முதலில் எங்களிடம் பலகையை வாங்கி மாட்டிவிட்டு மாடி ஏறும்படி சொல்லியனுப்புங்கள். அவர்கள் வேலை முடித்து இறங்கும்வரை சின்னதுரை சுவிட்ச் அறை வாசலில் காவல் நிற்பார். அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

9. இந்த மனுவைத் தங்களுக்கு மேலுள்ளவர்களுக்கு அனுப்பும்படி பலரும் சொன்னார்கள். திரு. கருப்பசாமி அவர்களே, “நேரா கலெக்டர்ட்ட போயிருங்க ஆபிதாம்மா, ஒரு கையெழுத்துல ரத்தாயிரும்” என்றார். குழு கூடிப் பேசினோம். முடிவில் சின்னதுரை எழுந்து, “அந்த சாரு இல்லாதப்போ அவரு எழுதனத வேற ஆள வெச்சி எடுத்தா, நாம வெச்சிருக்கிற விதி என்னாத்துக்கு?” என்று கேட்டார். அதனால் இந்த மனுவைத் தங்களுக்கே எழுதுவது என்று முடிவு செய்தோம்.

ஐயா, எங்கள் நிலையத்தின் மேல் இப்போது ‘செயல்படவில்லை’ என்று ஒரு குறிப்பு தொங்குகிறது. அதன் அடியில் தங்கள் பெயர் இருக்கிறது. போட்டவர்தான் எடுக்க வேண்டும். தாங்கள் வரும்வரை நாங்கள் அதைத் தொடமாட்டோம்.

இடம்: புதுக்கொல்லைக் காலனி
நாள்: 19.06.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
நூ. ஆபிதா
முப்பத்து நான்கு குடும்பங்களுக்காக

இணைப்பு: முப்பத்து நான்கு வீட்டாரின் கையொப்பங்கள். வரிசையில் ஏழாவதாக உள்ள இடக்கைப் பெருவிரல் ரேகை திரு. சின்னதுரையுடையது.