அம்மா அறைக்கு ஒரு ஒயர்

பைன் கிரீக், மேற்கு வர்ஜீனியா
10 அக்டோபர் 2011

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

சொன்னால் சிரிப்பாய். வைஃபை உள்ளேயே வைத்த, இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் டப்பாவை நான் வாங்கியதற்குக் காரணம், கடைக்காரன் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். ஒயரே வேண்டாம், அம்மா கட்டில் பக்கத்திலேயே வைக்கலாம் என்றான். இந்த வயதில் நானும் வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கி வந்தேன்.

அம்மாவுக்கு நுரையீரலில் தண்ணீர் கூடிவிட்டது. கட்டிலைவிட்டு இறங்குவது கழிப்பறைக்கு மட்டும்தான். தன் வலி மாத்திரையைத் திருடி விற்ற பிள்ளையோடு பேச்சே இல்லை என்றிருந்தவள், இப்போதுதான் ஞாயிறுதோறும் உன் போனை எடுக்கிறாள். நீயோ பாதியில் வைத்துவிடுகிறாயாம். “மன்னிப்பு கேக்குற லட்சணமா இது? பட்டுனு வச்சிட்டுப் போறான்” என்கிறாள். ஜெயிலில் உனக்கு அப்படி என்னடா தலைபோகிற வேலை?

உன் குண்டு அக்கா,
அர்லீன்

15 அக்டோபர்

அன்பு அக்கா,

நான் வைக்கவில்லை. மாத்திரை விஷயத்தை எடுப்பேன், லைன் செத்துப்போகும். கேட்கப் பிடிக்காமல் அம்மாதான் வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேபிள் இழுத்துப் பிழைத்தவன் சொல்கிறேன், போன் டப்பாவுக்குள் வைஃபை வைத்ததே தப்பு. ரவுட்டர் முன்னறையில், டப்பா கடைசி அறையில், நடுவில் சமையலறை. நான் பேசும்போது மைக்ரோவேவை ஓட்டுகிறாயா? அது ஓடினால் வைஃபை அறுந்துபோகும். ஒயர் போட்டுவிடு. ஜெயிலில் எங்கள் பிரிவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், போனும் கிடையாது. முப்பதாம் தேதிதான் இனி கூப்பிட முடியும்.

வெண்டல்

20 அக்டோபர்

தம்பிக்கு,

ஒயர் டப்பா எல்லாம் கால் நன்றாக இருப்பவர்கள் வீட்டுக்குத்தான் சரி. வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிற அம்மா வழியில் ஒயர் கிடந்தால் என்ன ஆகும்? அந்தக் கன்னக்குழிக்காரன் அவ்வளவு முட்டாள் இல்லை.

ஆனால் மைக்ரோவேவ் ஓடியது உண்மை. உன் பேச்சைக் கேட்டால் அம்மா அழுவாள். முடிந்ததும் சூடாகக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் பீன்ஸ் சூப்பை உள்ளே வைத்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். “அப்ப அவன் வைக்கலியா?” என்றாள். சூப்பைச் சுடவைக்காமல் இருந்துவிடுகிறேன் என்றேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை. “செவுத்துல ஓட்டையப் போட்டு ஒயர இழு. அவன் சொல்றத முழுசா கேக்கணும்.”

ஒயர் டப்பாவுக்குக் கடையில் சொல்லியிருக்கிறேன். நீ ஜெயித்தாய், போ.

அர்லீன்

2 நவம்பர்

வெண்டல்,

ஜெயில் பாதிரியார் உன்னிடம் செய்தியைச் சொன்னபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒயரைச் சொருகிக் கொடுத்தேன். ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்து, “நல்லா கேக்குது” என்றாள். மடியில் வைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது லைன் அறுந்துபோகவேயில்லை. நாம்தான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உன் நேரம் முடியும்வரை நீ மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.

நேற்று அடக்கம் முடிந்தது. நீ வாங்கிக் கொடுத்த நீல உடையைத்தான் போட்டோம். ஓட்டை போடும்போது சுவருக்கு அந்தப்பக்கம் துணி அலமாரி இருப்பது எனக்கு மறந்துவிட்டது. டிரில் அந்த உடையின் தோள் வழியாகத்தான் வெளியே வந்திருக்கிறது. அதை மறைக்க ஒரு அலங்காரப் பின்னைக் குத்தினேன். வழக்கமாக இடப்பக்கம்தான் குத்துவார்கள் என்று சவ அடக்கக்காரர் சொன்னார். ஓட்டை வலப்பக்கம் இருந்தது.

அர்லீன்