மேலிருந்து பார்த்தால் பாலம் நன்றாகத்தான் இருந்தது

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் தூறல், ஒன்பதரைக்கு வெயில். பேட்டரி நான்கு, மெமரி கார்டு இரண்டு, குடை, பிளாஸ்க். சார்ஜர் வயரை மறந்துவிட்டேன்.

இத்தனை நாள் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி கல்யாணங்களில்தான் ட்ரோன் பறக்கவிட்டேன். ரோட்டைப் படமெடுப்பது இதுதான் முதல் தடவை. கல்வராயன் மலையில் ஒரு கிளைச் சாலை, ஒன்பது கி.மீ., ஓடைப்பாலங்கள் ஏழு. மழைக்குப் பிறகு எப்படி இருக்கிறதென்று நெடுஞ்சாலைத் துறையில் படம் கேட்டிருக்கிறார்கள். ஸ்டுடியோ முதலாளி ரஹீம் அண்ணன் கடையிலிருந்து கிளம்பும்போதே கிண்டல்: “கல்யாணத்துல பிரியாணியாவது கெடைக்கும்.”

கூட வேலைக்குப் பூங்கொடி அக்கா. நைனார்பாளையம், சாலைப் பணியில் தினக்கூலி. நாற்பது வயதிருக்கும். படத்தில் இடம் தெரிய ரோட்டில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போடுவார், சரிந்து கிடக்கும் கற்களைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவார். மேலிருந்து பார்த்தேன், ஒரு குறிகூடக் கோணல் இல்லை. நூல் பிடித்தாரா என்று கேட்டதற்குச் சிரிப்பு மட்டும்.

ஒரு பருந்து ட்ரோனைத் துரத்தியது. பயந்து இறக்கிவிட்டேன். மூன்று பாலம் முடிந்தது.

நவம்பர் 12, புதன்

மேகம். காற்று இல்லை. பறக்கவிட நல்ல நாள்.

நான்காவது பாலம். இரண்டு முறை பறந்து எடுத்தாயிற்று. கறுப்பு ரோடு, பச்சை மலை, குறையே தெரியவில்லை. அடுத்ததற்குப் போகலாம் என்றேன். அக்கா நகரவில்லை. கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து ரோட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அங்க தட்னா கெட்டியா கேக்குது. இங்க டொப்புனு கேக்குதுங்க மேடம். உள்ள மண்ணு இல்ல.”

மழை வருமோ என்ற அவசரம் எனக்கு. அரை மனதோடு ட்ரோனை ஓடைப் பக்கம் தாழ இறக்கி, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினேன். பாலத்தை ஒட்டி ஒரு ஆள் படுக்கும் அளவுக்குப் பள்ளம். மண்ணைத் தண்ணீர் இழுத்துப் போயிருக்கிறது. மேலே தார் மட்டும் அப்பளம் மாதிரி.

போனில் சிக்னல் இல்லை. கீழே வளைவில் பஸ் ஹாரன்.

நான் ஸ்கிரீனைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். அக்கா அதற்குள் கற்களை ரோட்டின் குறுக்கே உருட்டிவிட்டு நடுவில் போய் நின்றார். டிரைவர் இறங்கி வந்து கத்தினார். நேற்று சாயங்காலம்கூட இதே வழியில் போனேன் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“நேத்து போனீங்க, சரிங்க. இன்னிக்கு அடியில ஒண்ணும் இல்ல. வந்து பாத்துட்டு அப்புறம் பேசுங்க.”

ஸ்கிரீனைக் காட்டினேன். டிரைவர் எல்லாரையும் இறக்கிவிட்டு வண்டியை வளைவு வரை பின்னால் எடுத்தார். ஜனங்கள் மலை ஓரமாக ஒவ்வொருவராக நடந்தார்கள். அக்கா முன்னால். ஒரு கைக்குழந்தை, தூங்கிக்கொண்டே கடந்தது.

மதியம் டிரைவர் சிக்னல் கிடைக்கும் இடம் வரை இறங்கிப் போய் நெடுஞ்சாலை அலுவலகத்துக்குப் போனில் சொன்னாராம். மூன்று மணிக்குப் பலத்த மழை.

நவம்பர் 13, வியாழன்

வெயில். பஸ் சக்கரம் ஏறும் இடம் இன்று அங்கே இல்லை. தாரும் விழுந்து, ஓடை தெரிகிறது.

பொறியாளர் பத்து மணிக்கு ஜீப்பில் வந்தார். படங்களைப் பார்த்துவிட்டு ட்ரோனை ரொம்பப் பாராட்டினார். இந்த மிஷின் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்றார். மிஷின் இரண்டு முறை பறந்தும் ஒன்றும் பார்க்கவில்லை சார், இவங்கதான் கண்டுபிடிச்சாங்க என்றேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மற்ற ஆறு பாலங்களையும் தட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

“பாத்துடலாங்க. மொதல்ல அந்த ஜீப்ப ஆஃப் பண்ணச் சொல்லுங்க. எஞ்சின் ஓடிக்கினு இருந்தா எனக்கு சத்தம் கேக்காது.”

அணைத்தார்கள்.