வெட்டிவேர்க் கோட்டுக்குக் கிடைத்த மானியம்

மந்தாரக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை போனில் மானியம் வந்துவிட்டது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பாதிச் செய்தியோடு நீ ஆஸ்பத்திரிக்குள் ஓடியது எனக்கு மனசுக்குச் சரியாகப் படவில்லை, அதனால் முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன், லீவு நாளில் நிதானமாகப் படி. என் முழங்கால் வலி பரவாயில்லை, டவுன்ஷிப் பக்கம் மரநிழலில் தினமும் நடக்கிறேன். காடாம்புலியூரிலிருந்து உன் மாமா கொடுத்தனுப்பிய பலாப்பழத்தை நம் தையல் யூனிட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அறுத்துக் கொடுத்தோம், அம்மா உன்னை நினைத்துக்கொண்டு தான் ஒரு சுளைகூடத் தின்னவில்லை, பிறகு நான் திட்டியதும் தின்றாள்.

நம் யூனிட்டில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பொற்கொடியை உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் சின்னதுரை தார்ரோடு போடுகிற வேலைக்குப் போகிறவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில், மேலே வெயில் கீழே கொதிக்கிற தார் என்று நின்றவர் அப்படியே சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து பிழைத்து வந்தார். அதுவரை காண்ட்ராக்ட் ஆட்களுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்து நிம்மதியாக இருந்த உன் அம்மா, அன்றிலிருந்து ஒரே யோசனையாக இருந்தாள். கடலூர்ப் பக்கம் ஆளனுப்பி வெட்டிவேர் வாங்கி, அதைப் பாய்போல் பின்னி உள்ளே வைத்து, கையில்லாத ஒரு மேல்கோட்டு தைத்தாள். தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால் உடம்பு குளுகுளு என்றிருக்கும். அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினோம். சிறு தொழில் நடத்துகிறவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து விண்ணப்பித்தால் ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் நிதி கொடுக்கிறது என்று நீதான் அங்கிருந்து தேடிப் பார்த்துச் சொன்னாய். எங்கள் இருவருக்கும் அது யாருக்கோ சொன்னது மாதிரி இருந்தது. நம் முன்ரூமில் ஓடுகிற நாலு மெஷினுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான்கூடக் கேட்டேன். நீ விடாமல் ஒரு பல்கலைக்கழகத்தின் ஜவுளித் தொழில்நுட்பத் துறைக்கு மெயில் போட்டாய், அதைப் படித்துவிட்டு பஸ் பிடித்து வந்து இறங்கியவள்தான் அங்கே ஆராய்ச்சி வேலை பார்க்கும் சரிதா. வந்த அன்றைக்கே கோட்டை நனைத்துப் போட்டுக்கொண்டு, கடைத்தெரு முழுக்க வெயிலில் நடந்துவிட்டு வந்தாள்.

முதல் தடவை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது உனக்குத் தெரியும். அதன் பிறகு நடந்ததுதான் நீ முழுசாக அறியாதது. போன வைகாசியில் சின்னதுரையும் அவரோடு வேலை செய்கிறவர்களும் ரோடு போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே சோதனை வைத்தாள் சரிதா. மார்பில் ஏதோ ஒட்டி, உடம்புச் சூட்டை லேப்டாப்பில் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் எல்லாம் பிரமாதம். மத்தியானம் கடற்காற்று திரும்பி, பிசுபிசுவென்று புழுக்கம் வந்ததும் சின்னதுரை கோட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். "காலையில நல்லாத்தான் இருந்துச்சுங்க மேடம், இப்ப இட்லிப் பானைக்குள்ள வச்சி மூடின மாதிரி இருக்கு" என்றாராம். சரிதா திரையைப் பார்த்தால், கோட்டு போட்டவர்களுக்குத்தான் போடாதவர்களைவிடச் சூடு அதிகம். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் கோட்டில் இருக்கும் ஈரம் காய்வதில்லை, காயாவிட்டால் குளிர்ச்சி ஏது, உள்ளே இருக்கிற சூடும் வெளியே போக வழியில்லை என்று பிறகு எனக்கு விளங்கச் சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் பர்மனென்ட் இல்லை, வருஷா வருஷம் நீட்டிக்கிற தற்காலிக வேலை, இந்த நிதி வந்தால்தான் அடுத்த வருஷம் இருக்கும். காலைக் கணக்கை மட்டும் எழுதி அனுப்பு, மத்தியானத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்கு வேண்டியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து நம் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக்கூடத் தொடவில்லை. "ஆன்ட்டி, மத்தியானம் ஆனதையும் நான் புது விண்ணப்பத்துல எழுதத்தான் போறேன். ஆனா அதுல உங்க பேரும் இருக்கு, உங்க யூனிட்டுக்கு வரவேண்டியதும் போயிடலாம். உங்களக் கேக்காம அனுப்ப மனசு வரல" என்றாள். உன் அம்மா ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். அவள் அந்தக் கோட்டுக்காகத் தூங்காமல் கிடந்ததை நான் பார்த்தவன். ஓரமாக உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த பொற்கொடிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எழுதுங்க மேடம். நல்லாருக்குன்னு நம்பிப் போட்டுக்கினு போயி அந்த மனுசன் மறுபடியும் உழுந்தா, நான் யாரப் போயி கேக்கறது" என்றாள். அம்மா எழுந்து போய் ஆறிப்போன காப்பியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து சரிதா கையில் கொடுத்து, "மொதப் பக்கத்துலயே எழுதும்மா, உள்ள எங்கியும் ஒளிச்சி வைக்காத" என்றாள். அப்படியேதான் எழுதினார்கள்.

மாசி மாதம் சென்னைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டபோது நானும் துணைக்குப் போனேன், என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். உள்ளே நடந்ததை இருவரும் திரும்பி வருகிற வழியெல்லாம் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். குழுவில் இருந்த ஒரு அம்மாள் நம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக் காட்டி, "போன தடவை எல்லாமே நல்லா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. எல்லாம் நல்லா இருந்தா ஆராய்ச்சி எதுக்குன்னு எங்களுக்குப் புரியல. இப்பத்தான் புரியுது" என்றாராம். பிறகு உன் அம்மாவைப் பார்த்து, செலவு செய்து பார்த்தும் புழுக்கத்தில் இது உதவாது என்றே முடிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "உதவாதுன்னு எல்லாருக்கும் தெரியறாப்ல எழுதி வச்சிடறோங்க. பின்னாடி தைக்கிறவங்களுக்கு அந்த அலைச்சல் மிச்சம்" என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசினாளாம். இத்தனை வருஷம் கூட இருந்தும் இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மானியம் வந்ததால் இப்போது சரிதாவுக்கு வேலை நீடித்துவிட்டது. வேரை உடம்பில் ஒட்டாமல் தள்ளி வைத்து இடையில் காற்று ஓடும்படி தைத்துப் பார்க்கப்போகிறார்கள், மாதிரி தைக்கிற வேலை பொற்கொடிக்கு. இந்த வெயிலுக்குள் கோட்டு தயாராகாது, அதைச் சரிதா மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஆனால் அவள் எடுத்த மத்தியானக் கணக்கைப் பார்த்துவிட்டு, ரோடு வேலை மேஸ்திரி ஆட்களை விடியற்காலையில் இறக்கி, வெயில் ஏறுவதற்குள் நிறுத்திவிட்டுச் சாயங்காலம் திரும்ப ஆரம்பிக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். சின்னதுரை நேற்று பகலில் நம் வாசலில் உட்கார்ந்து எங்களோடு மோர் குடித்துவிட்டுப் போனார். போன சித்திரையில் அந்த நேரத்தில் அவர் தார் பக்கத்தில் நின்றிருப்பார். பொற்கொடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஊசி எங்கே போகிறது என்றுகூடக் கவனிக்கவில்லை.

வெண்மதி, நீ அன்றைக்கு அந்த மெயிலைப் போடாமல் இருந்திருந்தால் இதில் எதுவுமே இல்லை. தூரத்தில் இருக்கிறாய், வீட்டுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்று போனில் அழுதாயே, இனி அப்படிச் சொல்லாதே. நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. எந்தக் குறையும் அண்டாமல் நீ நீண்ட ஆயுசோடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

மறக்காமல் ஒன்று செய். சரிதாவுக்கு நன்றி சொல்ல எனக்குச் சரியாக வரவில்லை, ஆரம்பித்தாலே "அங்கிள், டீ கிடைக்குமா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். ஒருநாள் நீ போன் போட்டுச் சொல். உன்னிடம் அவளால் பேச்சை மாற்ற முடியாது, பிடித்தால் விடாத குணம் உனக்கு என்னிடமிருந்து வரவில்லை.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா,
சிங்காரவேல்