நியெலாபுகு கிராமத்தில் அடுப்புகளை எண்ணிய பிழை

அனுப்புநர்:
சி. அருட்பிரகாசம்,
களத் தரவுப் பரிசோதகர்,
ட்வெய்ட்டா, ஒஸ்லோ.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
அபிவிருத்தி அளவீட்டு நிறுவனம்,
ஒஸ்லோ.

விடயம்: மாலி நாட்டின் பதினொரு கிராமங்களில் குடும்பங்களைப் பிழையாக எண்ணியதைத் திருத்தி, நிறுத்தப்பட்ட மருத்துவிச்சி சேவையை மீளத் தருமாறு கோரல் (மூன்றாவது மனு).

மதிப்புக்குரிய அம்மையீர்,

1. இதே விடயமாகத் தங்களுக்கு இரண்டு மனுக்களை நோர்வேஜிய மொழியில் எழுதினேன். இரண்டுக்கும் பண்பான பதில் கிடைத்தது. வேறெதுவும் கிடைக்கவில்லை. என் மகள் ஆரபி அவற்றை வாசித்துவிட்டு, “அப்பா, நோர்ஸ்கில எழுதினா உங்கட கோவமே தெரியேல்லை. தமிழில எழுதுங்கோ, நான் மாத்தித் தாறன்” என்றாள். ஆகவே தமிழில் எழுதுகிறேன். அவளுடைய மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. எந்த இடத்தையும் மென்மையாக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

2. ஒஸ்லோவுக்கு வருமுன் நான் மட்டக்களப்பில் ஒன்பது ஆண்டுகள் கிராம சேவகராக இருந்தேன். அங்கே ஒரே வளவில், ஒரே வேலிக்குள், மூன்று சகோதரர்கள் இருந்தாலும், அடுப்பு வேறென்றால் குடும்பம் வேறு, சங்கக்கடை அரிசிக்குக் கூப்பன் அட்டையும் வேறு. சனம் அட்டைக்காகவே ஒரு புது அடுப்பை மூட்டிவைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டும். அந்தக் கள்ளங்களையெல்லாம் பிடித்தவன் என்ற பெருமை எனக்கு இருந்தது. 2006 இல் தங்கள் நிறுவனத்துக்காக மாலிக்குப் போனபோதும் அந்தப் பெருமையைக் கட்டிக்கொண்டுதான் போனேன்.

3. கணக்கெடுப்பாளர்களுக்கான குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. “ஒவ்வோர் அடுப்பும் ஒரு குடும்பம்” என்று எழுதினேன். 2003 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வளவு முழுவதையும் ஒரே குடும்பமாகப் பதிந்திருந்தார்கள். அவர்களுக்கு வேலையில் பஞ்சி, சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

4. நியெலாபுகு கிராமத்தில் பக்காரி குலிபாலி என்பவரின் வளவுக்கு நானே போனேன். அவருக்கு மூன்று மனைவியர். மணமான ஒரு மகன், மருமகள், பிள்ளைகள் என்று எல்லோருமாக இருபத்திரண்டு பேர். சமைக்கும் பெண்கள் நால்வர், அடுப்புகள் நான்கு. ஆகவே நான்கு படிவங்கள் நிரப்பினேன். தானியக் களஞ்சியம் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். உண்டு என்றார்கள். உழவு மாடு? ஒரு சோடி. கலப்பையும் கழுதை வண்டியும்? அவையும் உண்டு. நால்வரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இருந்தது ஒரே களஞ்சியம், ஒரே சோடி மாடு, ஒரே வண்டி. என் படிவங்களில் எல்லாமே நான்கு மடங்காகின.

5. அங்குள்ள பெண்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். இரண்டு நாள் ஒருத்தி, அடுத்த இரண்டு நாள் மற்றவள். தானியம் பொதுக் களஞ்சியத்திலிருந்து வருகிறது, உண்பது இருபத்திரண்டு பேரும். நான் போன அன்று ஓர் அடுப்புத்தான் எரிந்தது. அது மூன்றாம் மனைவி மரியாமின் முறை. மற்ற மூன்றும் சாம்பலோடு குளிர்ந்து கிடந்தன. கண்ணால் கண்டேன், அம்மையீர். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாம் சிரித்துக்கொண்டு தந்த கம்பங்களியை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

6. பதினொரு கிராமங்களிலும் என் குறிப்பின்படியே எண்ணினார்கள். மூன்றே ஆண்டுகளில் வறுமை பாதியாகக் குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்தது. அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினோம். கிறீமில் அந்தச் சதவீதத்தையும் எழுதியிருந்தார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

7. வறுமையைத் தாண்டிய கிராமங்களுக்கு மருத்துவிச்சி தேவையில்லை என்பது உதவித் திட்டத்தின் விதி. அதன்படி இவ்வாண்டு பெப்ரவரியில் நியெலாபுகுவின் மருத்துவிச்சி திருப்பி அழைக்கப்பட்டார். ஓகஸ்டில் மரியாமுக்குப் பிரசவ வலி கண்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு கிலோமீற்றர் தூரத்திலுள்ள நகரத்துக்குக் கழுதை வண்டியில் ஏற்றினார்கள். பாதையில் மழை வெள்ளம். தாயும் பிள்ளையும் வண்டியிலேயே இறந்துபோனார்கள். எனக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த பள்ளி ஆசிரியர் மாது இதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். சமையல் முறை பற்றியும் அக்கடிதத்திலேதான் முதன்முதலாக அறிந்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “எங்கள் ஊரில் யார் பணக்காரர் ஆனது?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

8. என் முதல் மனுவுக்கு, ஈடுபாட்டுக்கு நன்றி என்று பதில் வந்தது. இரண்டாவதுக்கு, நாட்டின் சராசரியைப் பாதிக்கும் அளவுக்குப் பிழை பெரிதல்ல என்றும், அறிக்கை அச்சாகிவிட்டது என்றும் வந்தது. சராசரியைப் பற்றித் தாங்கள் சொன்னது சரி. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது அசையவே இல்லை. அதன் பின்னர் எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. ஆயினும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

9. அந்த வளவின் மருமகள் ஜெனெபாவுக்கு டிசம்பரில் பிள்ளை பிறக்க இருப்பதாக மாது ஆசிரியர் இம்மாதம் எழுதியுள்ளார். மருத்துவிச்சி திரும்பி வருவார் என்று ஊரில் காத்திருக்கிறார்களாம். நான் ஒஸ்லோவில் பெரிய உத்தியோகத்தன், எப்படியும் ஒழுங்குசெய்துவிடுவேன் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

10. ஆகவே, அப்பதினொரு கிராமங்களின் படிவங்களை வளவுவாரியாக மீண்டும் எண்ணவும், நவம்பர் முடியுமுன் மருத்துவிச்சியை அனுப்பவும் ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். குறிப்பை எழுதியவன் நான். தண்டனை ஏதும் உண்டென்றால் அதை எனக்குத் தரவும்.

11. இறுதியாக ஒன்று. ஒன்பது ஆண்டுகள் மனுக்களை வாங்கும் மேசையில் இருந்தவன் நான். “கவனத்திற் கொள்ளப்பட்டது” என்று எழுதிக் கோவையில் கட்டிவைத்து மறந்த மனுக்களுக்குக் கணக்கில்லை. அந்தச் சொற்களின் அர்த்தம் எனக்குத் தெரியும், மாது ஆசிரியருக்குத் தெரியாது. தங்கள் பதிலிலும் அவை இருந்தால், அவர் அதை நம்பி ஊரைக் காத்திருக்கச் சொல்லிவிடுவார். தங்களால் இயலாதென்றால், இயலாது என்று ஒரு வரி எழுதி அனுப்பவும். நவம்பரிலேயே அவர்கள் ஜெனெபாவை நகரத்துக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்வார்கள்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 22.10.2007

பிழையாக எண்ணிய,
சி. அருட்பிரகாசம்
(ஒப்பம்)