முதுகில் இரண்டாவது மச்சம்

என்னங்க, சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு, வீட்டைப் பூட்டி, நாலு மணிக்குத் தோல் டாக்டரிடம் வந்துவிடுங்கள். நானும் வேலையிலிருந்து நேரே வருகிறேன்.

உங்கள் நீச்சல் டீச்சர் நேற்று, "அக்கா, சார் முதுகுல ஒரு மச்சம் சரியில்ல, பாத்தீங்களா?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெழுகு ஒட்டினாற்போலிருக்கும் பழைய மருவைத்தான் சொல்கிறாளென்று, "அது எனக்கு முப்பது வருஷப் பழக்கம்மா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

இன்று நீங்கள் குளித்து வந்தபோது பார்த்தேன். மருவுக்குக் கீழே இன்னொன்று. ஓரமெல்லாம் கோணல்மாணல்; பாதி பழுப்பு, பாதி கறுப்பு. டாக்டருக்குப் போன் போட்டேன். "மரு ஒண்ணும் செய்யாது. இது புற்றான்னு பாத்துடணும், இன்னிக்கே வாங்க" என்றார்.

என் கண்ணுக்குப் படாதது அவள் கண்ணுக்குப் பட்டுவிட்டதே என்றுதான் காலையில் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பி.கு.: அவளுக்கு நன்றி நானே சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் போய்ப் பல்லைக் காட்ட வேண்டாம்.